விளக்கு எரியாத வீடு

ஜோலின் நாற்பத்தொரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். வந்திருந்த பிள்ளைகளும் நாற்பத்தொன்றுதான். கடைசிப் பொட்டலமும் போன பிறகு ஒரு கை நீண்டிருந்தது.

சின்னக் கை, ஐந்து வயதுக்கு மேல் இருக்காது. தலையிலிருந்து தரைவரை போர்த்திய வெள்ளைப் படுக்கை விரிப்புக்கு அடியிலிருந்து அது வந்திருந்தது. முகம் தெரியவில்லை, துணியில் கத்தரித்த இரண்டு ஓட்டைகள்தான் தெரிந்தன.

"அடடா, தீந்துபோச்சே கண்ணு. அப்படியே நில்லு, முன்னாடி இன்னொரு பை வச்சிருக்கேன்."

அவள் காரின் முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து, சீட்டுக்கடியில் துழாவி, அவசரத்துக்கென்று வைத்திருந்த மிட்டாய்ப் பையை எடுத்துக்கொண்டு திரும்பிய நேரத்தில் அங்கே யாரும் இல்லை. ஈரத்துணியும் சோளச் சருகும் கலந்த ஒரு வாடை மட்டும் நின்றது. அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். முகத்தை மூடுகிற வேஷம் கூடாது என்பது மூன்றாவது விதி. யார் அந்தப் பிள்ளையை உள்ளே விட்டது?

பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் வாங்கும் இந்த ராத்திரிக்கு மொத்தம் பதினான்கு விதிகள், பதினான்கும் ஜோலின் எழுதியவை. சர்ச் சபைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் கார்கள் வட்டமாக நிற்க வேண்டும், ஒன்றின் மூக்குக்கும் அடுத்ததன் வாலுக்கும் நடுவில் ஆள் நிற்க மட்டும் இடம் விட்டு. பிள்ளைகள் டிக்கி டிக்கியாகப் போய் ஆளுக்கொரு ஜோக் சொல்லி மிட்டாய் வாங்க வேண்டும், ஏனென்றால் ஜோக் சொல்லாத பிள்ளைக்கு இந்த ஊரில் மிட்டாய் கிடையாது. சுற்றிலும் கம்பி வேலி. ஒரே கேட், அதற்கு ஒரே பூட்டு. வரும்போது ஒவ்வொரு பிள்ளை மணிக்கட்டிலும் எண் போட்ட காகிதப் பட்டை. எட்டு மணிக்குப் பிள்ளைகள் அவரவர் காரில் ஏறியதும் தலை எண்ணி, கணக்கு ஒத்துப்போனால்தான் கேட் திறக்கும்.

அவள் சிறுமியாக இருந்தபோது இதெல்லாம் ஏது? தலையணை உறை நிறைகிறவரை தெருத்தெருவாகச் சுற்றினார்கள், வாசல் விளக்கு எரிகிற வீட்டிலெல்லாம் கதவைத் தட்டினார்கள், எவரும் தேடிக்கொண்டு வந்ததில்லை. அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஆளல்ல ஜோலின். செத்துப் போகாமல் பிழைத்தது அதிர்ஷ்டம் என்பாள். சூடு கண்ட பூனை அவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ராத்திரியில் மகன் எமெட்டை அவள் தொலைத்தாள். அவனுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வட்டாரத்துப் பெற்றோர் குழுவில் யாரோ எச்சரிக்கை போட்டிருந்தார்கள், மிட்டாய்க்குள் ஊசி இருக்கிறதாம், கவனம் என்று. அதை அவள் நடந்தபடியே ஃபோனில் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தபோது கையில் கை இல்லை. பதினொரு நிமிஷம். தெருக் கோடியில், ஆளில்லாமல் விற்பனைப் பலகை நட்டிருந்த ஒரு வீட்டின் வாசலில் அவனைக் கண்டுபிடித்தாள். காலி வீடு, ஆனால் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அழவில்லை. வேஷத்துக்குப் போர்த்தியிருந்த விரிப்பு மட்டும் காணோம். "எங்கடா?" என்றதற்கு, "குடுத்துட்டேன்," என்றான். அதற்கப்புறம் அவள் எந்த ராத்திரியிலும் வீட்டு வாசல் விளக்கைப் போட்டதே இல்லை. எவன் பிள்ளை வேஷத்தில் எவன் வருவானோ.

அந்தப் பதினொரு நிமிஷம் அவனை ஒரேயடியாக மாற்றிவிட்டது. சாப்பாட்டில் அடம் இல்லை, சத்தம் இல்லை, ராத்திரி பயந்து அம்மா படுக்கைக்கு ஓடி வருவது இல்லை. இப்படியொரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று சபையில் எல்லாரும் சொன்னார்கள். ஜோலினுக்கும் உள்ளூரப் பெருமைதான். சிரிப்பதுகூட நின்றுவிட்டது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன, மகாராணி முகம் கடுகடுன்னு இருக்கு?" கேட்டுக்குப் பொறுப்பான டுவேய்ன் கையில் சூடான ஆப்பிள் சாற்றுடன் வந்தார். எழுபது வயது, சபைக்கே காவல்காரர் மாதிரி. "வருஷா வருஷம் இந்த ஜெயில நல்லாத்தான் நடத்துற. கைதிங்கதான் குட்டையா இருக்காங்க."

"வெள்ளை விரிப்பு போத்தின ஒரு புள்ளை, பாத்தீங்களா? முகத்த மூடியிருந்துச்சு."

"நான் அப்படி யாரையும் உள்ள விடலையே. விட்டா நீ என்னை உரிச்சிர மாட்ட?" அவர் அவளுடைய டிக்கியைப் பார்த்துச் சீட்டியடித்தார். "இது யாரு, உன் வீட்டுக்காரர் வேலையா?"

கர்ட் செய்ததுதான். அட்டையில் ஒரு வீட்டு முகப்பு, சின்னக் கதவு, அதற்கு மேல் உண்மையான பல்பு ஒன்று மஞ்சளாக எரிந்தது. அவன் இப்போது வயலில் அறுவடை இயந்திரத்தில் இருப்பான், நடுராத்திரிக்கு முன் வீடு திரும்ப மாட்டான். சாலைக்கு அப்பால் சோளம் உலர்த்தும் இயந்திரம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. அறுவடை முடியும்வரை அது இரவும் பகலும் நிற்காது. ஊரில் யார் காதுக்கும் அது தனியாகக் கேட்காது.

எமெட் வந்தான். விண்வெளி வீரன் உடுப்பு, முகம் திறந்திருந்தது. தோளில் துணிப்பை. நடக்கும்போது பைக்குள் கிணுங் கிணுங்கென்று ஏதோ மெல்லிய ஓசை.

"என்னடா பையில?"

"மிட்டாய்."

"எங்க, ஜோக் சொன்னியா எல்லார்கிட்டயும்?"

"சொல்லல. சும்மா நின்னேன். குடுத்துட்டாங்க." அவன் அவளைத் தாண்டி அட்டை வீட்டின் பல்பையே பார்த்தான். "அம்மா, அத ஏன் போட்ட?"

"அழகுக்குத்தான்."

அவன் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

எட்டு மணிக்கு விசில் ஊதினார்கள். பிள்ளைகள் காருக்குள் போனார்கள், கதவுகள் அடைபட்டன. எண்ணுகிற வேலை டேனாவுடையது. ஜோலினுக்குப் பள்ளி நாளிலிருந்தே சிநேகிதி, எதையும் கேலி பேசாமல் செய்ய வராது. டார்ச்சை ஒவ்வொரு கண்ணாடியிலும் அடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"நாப்பத்திரெண்டு."

"திரும்ப எண்ணு."

"ரெண்டு தரம் எண்ணிட்டேன்டி. ஒண்ணு கூட வருது. குறைஞ்சாத்தான் தலைவலி, கூடினா லாபம்தானே? குலுக்கல் போட்டு யாருக்காச்சும் குடுத்துரலாம்."

டுவேய்னும் ஒரு சுற்று எண்ணினார். அவருக்கும் நாற்பத்திரண்டு. கார்களில் ஹாரன் சத்தம் எழுந்தது. யாரோ கண்ணாடியை இறக்கி, "ஏம்மா ஜோலின், காலைல புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு," என்றார்கள். கேட்டைத் திற என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கணக்கு ஒத்துப்போகாமல் திறக்கக் கூடாது என்பது பதினான்காவது விதி, அதை எழுதியவளே மீறினால் ஊர் சும்மா விடாது. தவிர, இங்கே யாரோ ஒருவருடைய பிள்ளை தனியாக இருக்கிறது. தனியாக விடப்பட்ட பிள்ளை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"நானே பாக்குறேன்," என்று டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

அவள் வட்டத்தின் உட்புறமாக நடந்தாள். ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் சாயம் பூசிய முகம், சாக்லேட் அப்பிய வாய், அவள் வெளிச்சத்துக்குச் சுருங்கும் கண். நரி, டைனோசர், இளவரசி, இன்னொரு இளவரசி. ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு பட்டை, ஒவ்வொரு பட்டையிலும் ஓர் எண். வெள்ளை விரிப்பு எங்குமே இல்லை. காருக்கும் காருக்கும் நடுவில் குனிந்தாள், சக்கரங்களுக்கு அடியில் வெளிச்சம் அடித்தாள். ஈரத்துணி வாடை ஒரு காரருகே வந்தது, அடுத்ததில் போனது, மறுபடி வந்தது. நாற்பது எண்ணியிருந்தாள். மிச்சம் அவளுடைய கார்தான்.

பின் சீட்டில் எமெட் நேராக உட்கார்ந்திருந்தான். நாற்பத்தொன்று.

அவள் பின்பக்கம் போனாள். மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அட்டைக் கதவு, அவள் சாத்தி வைத்தது, திறந்திருந்தது. உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்த வெள்ளை விரிப்பு உட்கார்ந்திருந்தது.

இப்போதுதான் துணியைச் சரியாகப் பார்த்தாள். ஓரத்தில் நீலப் பூக்கள். கர்ட்டின் அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்த விரிப்பு. கண்ணுக்கு வெட்டிய ஓட்டைகளில் இடது பக்கம் பெரிதாக இருந்தது. கத்தரிக்கோல் வழுக்கிவிட்டது அன்றைக்கு. அவள் கையில்தான் வழுக்கியது.

"யாரு கண்ணு நீ?" குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"ஜோக் சொல்லட்டுமா?" என்றது அது.

ஜோலின் தலையாட்டினாளா என்று அவளுக்கே தெரியாது.

"பேய் ஏன் கதவத் தட்டாது?"

ஐந்து வயதில் அவனாகவே உண்டாக்கிய ஜோக். அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் இதையே சொல்லிவிட்டு, பதில் சொல்வதற்குள் தானே சிரித்து உருண்டான். அந்த ராத்திரிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அது வந்ததே இல்லை. மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

"ஏன்னா, அது ஏற்கனவே வீட்டுக்குள்ளதான் இருக்கு." விரிப்புக்குள் சிரிப்பு குலுங்கியது. இரண்டு வருஷமாக அவள் கேட்காத சிரிப்பு.

 ஜோலின் டிக்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளுக்கு அவளே சொல்லிப் பார்த்தாள். ஜோக் சொன்னதற்கு மிட்டாய் கேட்டு நீண்ட அந்தக் கையைப் பிடித்தாள். கட்டை விரலடியில் அடுப்பு சுட்ட தழும்பு, அரிசி மணி அளவு. அவளுக்குப் பழக்கமான தழும்பு. வீட்டில் வளரும் எமெட்டின் கையில் அது மறைந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறிவிடும் என்று டாக்டரே சொன்னாரே.

"எமெட்." உதடு மட்டும் அசைந்தது. "இத்தனை நாளா... ஏன்டா வரல?"

"வந்தேன்மா. தினமும் வந்தேன். நம்ம வீட்டுல லைட் எரியல. லைட் எரியாத வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

 மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் அணைத்த விளக்கு. அவள் கையால். இரண்டு வருஷம்.

சாலைக்கு அப்பால் உலர்த்தும் இயந்திரம் நின்றது. அத்தனை நேரமும் அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அந்த நிசப்தத்தில் காருக்குள்ளிருந்து ஓர் ஓசை. கிணுங்.

பின் சீட்டுக்கு மேலாக ஒரு முகம் எழுந்து நின்றது. எமெட்டின் முகம், ஏழு வயது முகம், கோபம் இல்லை, எதுவுமே இல்லை. அவன் கையை நீட்டினான். சீட்டிலிருந்து அந்தப் பல்பு நாலடி தள்ளி இருக்கும். கை எட்டியது. எரிகிற பல்பைக் கொஞ்சமும் சுளிக்காமல் பிடித்து, திருகினான்.

இருட்டு.

அவள் பிடியில் இருந்த விரல்கள் இல்லை. வெறும் காற்று. டார்ச்சை அடித்தாள். அட்டை வீடு காலி. ஒரு சோளச் சருகு மட்டும் கிடந்தது.

"நாப்பத்தொண்ணு!" என்று டேனா பின்னாலிருந்து கத்தினாள். "இப்ப சரியா வருதுடி. போங்க, போங்க, கேட்டைத் திறங்க டுவேய்ன்."

"டேனா..." அதற்கு மேல் என்ன சொல்வது? என் பிள்ளை என் பிள்ளை இல்லை என்றா? டேனா அதற்குள் அடுத்த காருக்குப் போயிருந்தாள். கேட்டருகே முதலில் நின்றது ஜோலினின் கார். அது நகராமல் வேறெதுவும் நகராது. இருபது ஹாரன்கள் அவள் முதுகில் அடித்தன. டுவேய்ன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையாட்டினார். "விடுதலை ஆயிட்ட, இன்னும் என்ன யோசனை?"

வீட்டுக்குப் போக வேண்டும். வாசல் விளக்கைப் போட வேண்டும். போட்டால் அவன் வருவான். அந்த ஒரே நினைப்பில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

சரளைச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சோளம். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் ஓட்டினாள். கர்ட்டுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தான்.

"என்னம்மா? ஒண்ணுமே கேக்கல, மிஷின் ஓடுது. சத்தமா சொல்லு."

"கர்ட், உடனே வீட்டுக்கு வா. எமெட்..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து ஃபோனை மெதுவாக வாங்கிக்கொண்டது. "ஓட்டும்போது பேசக் கூடாதும்மா," என்றான். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். திரையின் வெளிச்சம் அணைந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் துணிப்பையை முன் சீட்டில் வைத்தான். "செக் பண்ணிடு."

வருஷா வருஷம் வழக்கம். ஒவ்வொரு மிட்டாயையும் அவள் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவன் வாயில் போடலாம். ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பைக்குள் விட்டாள். மிட்டாய் ஒன்றுகூட இல்லை. வழவழவென்று கண்ணாடி. உருண்டை, உருண்டையாக. சமையலறைக்குப் போட்ட பெரிய பல்பு. படுக்கையறையின் சின்னது. காருக்குள் கூரையில் இருக்கும் குட்டி விளக்கு. வாசலில் இரண்டு வருஷமாக ஏற்றாமலே கிடந்தது, அதன் மேல் தூசி. வீட்டின் எல்லா விளக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று, இன்னும் சூடாக.

வீடு வந்தது. கறுப்பாக நின்றது.

அவள் இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. காரை மெல்லப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி, முன்விளக்குகள் அவர்கள் வந்த பாதையைப் பார்க்கும்படி நிறுத்தினாள். மிச்சம் இருப்பது இந்த இரண்டு விளக்குகள்தான். அவை எரியட்டும். விடியும்வரை எரியட்டும்.

பாதையின் கோடியில், வெளிச்சம் முடிகிற இடத்தில், வெள்ளையாக ஒன்று.

தயங்கி நின்றது. பிறகு ஓரடி. இன்னோரடி. விளக்கைப் பார்த்துவிட்டது. ஓட ஆரம்பித்தது. விரிப்பு காலில் தடுக்க, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்து வயது ஓட்டம்.

"வா," என்றாள் ஜோலின். "வாடா. வந்துடு."

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நீண்டுகொண்டே போனது. சாவியைத் தொட்டது.

எஞ்சின் நின்றது. விளக்குகள் அணைந்தன.

சரளையில் ஓடிவந்த காலடியும் நின்றது. மிகப் பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அது கதவைத் தட்டவில்லை. இருட்டான வீட்டில் தட்டக் கூடாது என்று கற்ற பிள்ளை.

"அம்மா? இது நம்ம வீடா?"

ஆமாம் என்று சொல்ல ஜோலின் வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து வந்த சின்னக் கை அதைப் பொத்தியது.